காற்றாலையும் கோழிக்கூடும்: அமெரிக்கச் சமவெளிக் குடும்பங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பிரதேசம் பற்றி நம்மவர்க்குள்ள எண்ணம் பெரும்பாலும் திரைப்படங்களினால் உருவானது. குதிரைவீரனும் கைத்துப்பாக்கியும் மாட்டு மந்தையும் அதில் முதலிடம் பெறுகின்றன. வரலாற்று நூல்களைப் படித்தோர் இவற்றுடன் புகைவண்டிப் பாதையையும் இரும்புக் கலப்பையையும் கோதுமை வயலையும் சேர்த்துக்கொள்வர். இவை யாவும் ஆண்மகனின் கருவிகள், வெற்றியின் சின்னங்கள்.

ஆயினும், அச்சமவெளியிற் குடியேறிய ஒரு சாதாரண உழவர் குடும்பத்தின் முற்றத்தில் நின்று நோக்குவோமாயின், வேறு இரண்டு பொருள்கள் நம் கண்ணிற் படும். ஒன்று, கிணற்றின்மேல் உயர்ந்து நின்று காற்றிற் சுழலும் சக்கரம். மற்றது, வீட்டின் பின்புறத்தே தாழ்ந்து கிடக்கும் கோழிக்கூடு. கோதுமை விளைந்த ஆண்டுகளும் உண்டு, பொய்த்த ஆண்டுகளும் உண்டு. குடும்பத்துக்கோ நீரும் உணவும் நாள்தோறும் வேண்டும். காற்று நீரைத் தந்தது. கோழி உணவையும் கைக்காசையும் தந்தது. இவ்விரண்டும் இன்றேல் புகழ்பெற்ற அக்குடியேற்றம் ஈராண்டுகள்கூட நிலைத்திராது என்று கூறினும் அது மிகையாகாது.

இவ்விரு பொருள்களும் பின்னர் அக்குடும்பங்களின் கையை விட்டுப் போயின. அவை எவ்வாறு வந்தன, யாருடைய உழைப்பினால் நிலைபெற்றன, எவ்வாறு போயின என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

*

முதலில் நிலத்தைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். 1862 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆந் திகதி சனாதிபதி ஆபிரகாம் லிங்கன் குடிமனைச் சட்டத்திற் கையொப்பமிட்டார். மக்களுக்கு நிலம் பகிர்ந்தளிக்கும் இத்தகைய சட்டத்தைத் தென்மாநிலங்களின் அடிமை உடைமையாளர் நெடுங்காலம் எதிர்த்து வந்தனர். அவர்கள் பிரிந்து சென்று உள்நாட்டுப் போர் மூண்ட பின்னரே அது நிறைவேறியது. இருபத்தொரு வயது நிரம்பியவரோ ஒரு குடும்பத்தின் தலைமையைத் தாங்கியவரோ 160 ஏக்கர் நிலத்துக்கு உரிமை கோரலாம். ஐந்தாண்டுகள் அங்கு வாழ்ந்து பயிரிட்டால் நிலம் அவருக்குச் சொந்தமாகும். கட்டணம் மொத்தம் 18 டொலர். காலப்போக்கில் ஏறத்தாழ 16 இலட்சம் பேர் இவ்வாறு உறுதி பெற்றனர். அவர்கள் பெற்ற நிலம் 27 கோடி ஏக்கர் அளவினது. நாட்டின் முழு நிலப்பரப்பிற் பத்தில் ஒரு பங்கு இது.

'இலவச நிலம்' என்று இதனை அக்காலத்தார் புகழ்ந்தனர். அந்நிலம் வெறுமையாய்க் கிடந்த நிலமன்று. லகோட்டா, செயென், பாவ்னி, கொமாஞ்சி முதலிய மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நிலம் அது. அவர்களுடைய வாழ்வுக்கு ஆதாரமாயிருந்த காட்டெருமை மந்தைகள் 1880 களின் முடிவுக்குள் கொன்றொழிக்கப்பட்டன. உடன்படிக்கைகள் எழுதப்பட்டன, மீறப்பட்டன. 1887 ஆம் ஆண்டின் டோவ்ஸ் சட்டம் பழங்குடியினரின் பொது நிலத்தைத் தனித்தனிப் பங்குகளாகக் கூறுபோட்டு, எஞ்சியதைப் பிறர்க்குத் திறந்துவிட்டது. அவ்வாண்டில் 13.8 கோடி ஏக்கராயிருந்த பழங்குடி நிலம் 1934 இல் 4.8 கோடி ஏக்கராகச் சுருங்கியது. குடியேறிய ஏழை உழவனுக்குக் கிடைத்த வாழ்வு வேறொருவனின் வாழ்விடத்தைப் பறித்துத் தரப்பட்டது என்பதை மறந்துவிட்டு இவ்வரலாற்றை எழுதுதல் நேர்மையாகாது.

உழவனுக்குக் கிடைத்ததும் முதற்றர நிலமன்று. புகைவண்டிக் கொம்பனிகளுக்கு அரசாங்கம் ஏறத்தாழ 13 கோடி ஏக்கரை மானியமாக வழங்கியது. பாதையோரத்து நல்ல நிலம் பெரும்பாலும் கொம்பனியின் கையிலிருந்தது. அதனைப் பணம் கொடுத்தே வாங்கல் வேண்டும். பணமில்லாதவன் மேற்கே, மேலும் மேற்கே சென்றான்.

அங்கு அவனை எதிர்கொண்டது வறட்சி. வட தென் டக்கோட்டா, நெபிராஸ்கா, கான்சாஸ், ஒக்லகோமா, டெக்சாஸ் ஆகியவற்றை ஊடறுத்துச் செல்லும் நூறாவது தீர்க்கரேகைக்கு மேற்கே ஆண்டு மழைவீழ்ச்சி பெரும்பாலும் 20 அங்குலத்துக்குக் குறைவு. புவியியலாளர் ஜோன் வெஸ்லி பவல் 1878 இல் அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கையில், வறண்ட பகுதியில் நீர்ப்பாய்ச்சலின்றி 160 ஏக்கரில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என எடுத்துக் காட்டினார். மேய்ச்சல் நிலமாயின் ஒரு குடும்பத்துக்கு 2,560 ஏக்கர் தேவை என்பது அவர் கணிப்பு. நிலத்தை விற்பதிலும் புகைவண்டிக்குப் பயணிகளைச் சேர்ப்பதிலும் முனைந்திருந்தோர் அவ்வறிக்கையை விரும்பவில்லை. அரசாங்கமும் அதனைப் பின்பற்றவில்லை. அதன் விலையை அடுத்த அறுபது ஆண்டுகள் குடும்பங்கள் செலுத்தின.

*

மரமில்லாத அச்சமவெளியிற் குடியேறியோர் புல் வேரோடிய மண்ணைக் கட்டிகளாக வெட்டி அடுக்கி வீடு கட்டினர். சாணத்தையும் உலர்ந்த சோளப் பொத்தியையும் எரித்தனர். இவற்றை உழைப்பினாற் சமாளிக்கலாம். நீரைச் சமாளித்தல் எளிதன்று. ஆறுகள் அரிது. கிணறு வெட்டின் சில இடங்களில் நூறடிக்கும் இருநூறடிக்கும் கீழேயே நீர் கண்டது. நம் தோட்டக் கிணற்றில் துலா கொண்டு இறைப்பதுபோல அத்துணை ஆழத்திலிருந்து இறைத்தல் இயலாது. கையாற் கயிறிழுத்து ஒரு குடும்பத்துக்கும் அதன் மாடுகளுக்கும் நீர் கொடுப்பது முழுநாள் வேலையாயிற்று.

நீர் சுமத்தல் எங்கும் பெண்ணினதும் பிள்ளைகளினதும் வேலை. அச்சுமையின் அளவை உணர்த்தும் கணக்கொன்று உண்டு. டெக்சாஸ் மலைநாட்டு வாழ்வை விரிவாக ஆராய்ந்த ரொபேட் காரோ, 1930 களின் பண்ணை வீடுகள் பற்றிய அரசாங்க ஆய்வொன்றை எடுத்துக் காட்டுகிறார். ஐவரைக் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு 200 கலன் நீரைப் பயன்படுத்தியது. கிணறு வீட்டிலிருந்து சராசரியாக 253 அடி தூரத்தில் இருந்தது. அந்நீரைக் கையால் இறைத்துச் சுமப்பதற்கு ஆண்டொன்றில் எட்டு மணி நேர வேலை நாட்கள் 63 செலவாயின. நடந்த தூரம் 1,750 மைல். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏழு தடவைகள் நடப்பதைக் காட்டிலும் இது அதிகம். இளவயதிலேயே முதுகு கூனிப்போன பெண்கள் அம்மலைநாட்டில் பலர்.

இச்சுமையை இறக்கிய கருவியே காற்றாலை. 1854 இல் கனெற்றிக்கற் மாநிலத்தைச் சேர்ந்த டானியல் ஹலடே என்னும் பொறிவினைஞர், காற்றின் திசைக்கேற்பத் தானே திரும்பவும் புயல் வீசும்போது தன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தவும் வல்ல காற்றாலையை அமைத்தார். ஐரோப்பாவின் பழைய ஆலைகளுக்குக் காவல் நிற்க ஓராள் வேண்டும். ஹலடேயின் ஆலைக்கு ஆள் வேண்டியதில்லை. உழைக்கும் கைகள் குறைந்த குடும்பத்துக்கு இதுவே பெரிய வரமாயிற்று. 1860 களில் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஒஜிப்வே மக்களிடையே சமயப் பணி புரிந்த லெனாட் வீலர் 'எக்லிப்ஸ்' என்னும் மற்றொரு வகையை உருவாக்கினார். இயந்திரங்களுக்கு நீர் வேண்டிய புகைவண்டிக் கொம்பனிகள் இவற்றைப் பெருமளவில் வாங்கின.

1882-83 இல் தோமஸ் பெரி என்னும் பொறியியலாளர் சக்கரங்களின் வடிவத்தை மாற்றி மாற்றி ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பரிசோதனைகளை நிகழ்த்தினார். வளைந்த உருக்கு இதழ்களே காற்றை நன்கு வாங்குகின்றன என்பது அவர் கண்ட முடிவு. அதனை அடிப்படையாகக் கொண்டு 1888 இல் சிக்காகோவில் 'ஏர்மோட்டர்' ஆலை உற்பத்தி தொடங்கியது. மரத்தாற் செய்த சக்கரங்களைவிட இது மலிவாயும் திறமையாயும் அமைந்தது. எட்டடி விட்டமுள்ள சக்கரம் சுழல, பற்சில்லுகள் அச்சுழற்சியை ஏற்ற இறக்க அசைவாக மாற்றும். அவ்வசைவு நீண்ட தண்டொன்றின் வழியே கிணற்றின் அடிவரை செல்லும். அங்குள்ள உருளையில் தோல் வளையம் பொருந்திய உந்தி ஒவ்வொரு முறையும் சிறிதளவு நீரை மேலே தள்ளும். நாள் முழுவதும் இவ்வாறு நிகழ்ந்தாற் தொட்டி நிறையும். தொட்டியில் பாற்கலங்களைக் குளிர வைப்பர். வழியும் நீர் காய்கறித் தோட்டத்துக்கும் மாடுகளுக்கும் போகும். பற்சில்லுகளுக்கு எண்ணெயிட வாரந்தோறும் கோபுரத்தின் உச்சிக்கு ஒருவர் ஏறல் வேண்டும். இது பெரும்பாலும் வீட்டுப் பையனின் கடமையாயிற்று. 1915 இல் தானே எண்ணெயிட்டுக் கொள்ளும் ஆலை வந்த பின்னரே அவ்வாபத்து நீங்கியது.

ஆலை வாங்கப் பணமில்லாதோர் என்செய்தனர்? நெபிராஸ்காப் பல்கலைக்கழகத்துப் புவிச்சரிதவியலாளர் எர்வின் பாபர் இக்கேள்விக்கு விடை தேடி ஊரூராகச் சென்றார். 1899 இல் அவர் வெளியிட்ட சிறு நூல் அம்மாநிலத்தின் வீட்டிற் செய்த காற்றாலைகளை விவரிக்கிறது. பழைய பெட்டிப் பலகை, உடைந்த வண்டிச் சில்லு, தகரத் துண்டு, பழங் கம்பி ஆகியவற்றைக் கொண்டு உழவர் தாமே ஆலைகளை அமைத்திருந்தனர். 'ஜம்போ', 'போர்க்கோடரி', 'குடைராட்டினம்' என்று அவற்றுக்குப் பெயருமிட்டிருந்தனர். பள்ளிக்கூடமும் பட்டமும் இல்லாதோரின் அறிவுத்திறனைக் கற்றோர் ஒருவர் மதித்துப் பதிவு செய்த நூல் என்ற வகையில் இது போற்றத்தக்கது.

*

காற்றாலையைப் பற்றிப் பொறியியலாளர் எழுதினர். கோழிக்கூட்டைப் பற்றி எழுதியோர் மிகச் சிலர். அது பெண்ணின் உலகமாயிருந்ததே இதற்குக் காரணம்.

கிழக்கிலிருந்து வண்டியேறி வந்த குடும்பங்கள் பல, சில பேடுகளையும் ஒரு சேவலையும் கூட்டிலடைத்துக் கொண்டு வந்தன. மாடு வாங்கப் பணம் வேண்டும். கோழி பெருகப் பணம் வேண்டியதில்லை. இளவேனிலில் அடை வைத்து, குஞ்சுகளைப் பருந்துக்கும் ஓநாயினச் சிறுவிலங்குக்கும் பாம்புக்கும் தப்புவித்து, உறைபனிக் காலத்தில் அடுப்பருகே பெட்டியில் வைத்துக் காத்து வளர்த்தவள் வீட்டுத் தலைவி. முட்டை பொறுக்குவதும் தீன் போடுவதும் சிறு பிள்ளைகளின் வேலை. 1910 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்போது அந்நாட்டுப் பண்ணைகளிற் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவற்றிற் கோழிகள் இருந்தன.

சனிக்கிழமைகளில் முட்டைகளைத் தவிட்டிற் புதைத்துப் பெட்டியிலிட்டு நகரத்துக் கடைக்குக் கொண்டு செல்வர். கடைக்காரர் அதன் பெறுமதிக்குக் கோப்பி, சீனி, மண்ணெண்ணெய், துணி, பிள்ளைகளின் சப்பாத்து ஆகியவற்றைக் கொடுப்பார். 'முட்டைக் காசு' என்று இதற்குப் பெயர். கோதுமைக் காசுக்கும் முட்டைக் காசுக்கும் இருந்த வேறுபாடு கவனித்தற்குரியது. கோதுமைக் காசு ஆண்டுக்கொருமுறை வரும். வந்தவுடன் வங்கியின் வட்டிக்கும் இயந்திரத்தின் தவணைக்கும் புகைவண்டிக் கூலிக்கும் போய்விடும். அது கணவனின் கணக்கு. முட்டைக் காசு வாரந்தோறும் சிறிது சிறிதாக வந்து வீட்டுக்குள்ளேயே செலவாகும். அது மனைவியின் கணக்கு. முன்னையது வருமானம் என்று பேசப்பட்டது. பின்னையது 'சில்லறை' எனப்பட்டது. ஆனால் விளைச்சல் பொய்த்த ஆண்டிலும், விளைந்தும் விலை வீழ்ந்த ஆண்டிலும், குடும்பம் உண்டது இச்சில்லறையினாலேயே. 1892 இல் ஒமாகா நகரிற் கூடிய மக்கள் கட்சி, வங்கியாலும் புகைவண்டிக் கொம்பனியாலும் நசுக்கப்பட்ட உழவரின் குரலை நாடறிய ஒலித்தது. அவ்வுழவரின் எதிர்ப்பு பசியால் முறிந்துவிடாமற் காத்ததில் கோழிக்கூட்டுக்கும் பங்குண்டு.

கோழியும் எல்லா இடரையும் வென்றுவிடவில்லை. 1874 இல் மலைத்தொடர் வெட்டுக்கிளிகள் மேகம்போல் வந்திறங்கிப் பயிர் பச்சையெல்லாவற்றையும் தின்றழித்தன. கோழிகள் அவற்றை அளவின்றி உண்டமையால் இறைச்சியும் முட்டையும் வாயில் வைக்கமுடியாதபடி நாற்றமெடுத்தன என்று அக்காலத்தார் கூறியுள்ளனர்.

இவ்வாறு குடும்பத்தைத் தாங்கிய பெண்ணுக்குச் சட்டம் அளித்த இடம் யாது? மணமாகாதவளும் கைம்பெண்ணும் தம் பெயரில் நிலம் கோரலாம். பலர் கோரியும் பெற்றனர். அக்காலத்தில் உலகின் பல நாடுகளில் இல்லாத உரிமை இது. கணவனோடு வாழும் மனைவிக்கோ அவ்வுரிமை பொதுவாக இல்லை. ஐந்தாண்டு உழைப்பின் முடிவில் உறுதியில் எழுதப்பட்டது அவன் பெயரே. நெபிராஸ்காவின் மணற்குன்றுப் பகுதியிற் பிறந்த மரி சன்டோஸ் 1935 இல் வெளியிட்ட தம் தந்தையின் வரலாற்றில், குடியேற்ற வீரனாகப் போற்றப்பட்ட அம்மனிதர் வீட்டினுள்ளே மனைவியரையும் பிள்ளைகளையும் எவ்வாறு கொடுமைப்படுத்தினார் என்பதை மறைக்காது எழுதியுள்ளார். குடிமனை வாழ்வைத் தூய அன்பின் உறைவிடமாகச் சித்திரிக்கும் கதைகளுக்கு இது தக்க மறுமொழி.

பெண்கள் பேனா பிடித்தபோது கோழிக்கூடும் எழுத்தில் இடம்பெற்றது. டக்கோட்டாவில் வளர்ந்து மிசூரியிற் பண்ணை நடத்திய லோறா இங்கல்ஸ் வைல்டர், சிறுவர் நவீனங்களால் உலகப் புகழ் பெற்றது 1932 க்குப் பின்னர். அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்னரே அவர் கிராமியப் பத்திரிகையொன்றில் எழுதி வந்தார். அவ்வாய்ப்பை அவருக்குப் பெற்றுத் தந்தது கோழி வளர்ப்புப் பற்றிய அவரது கட்டுரை.

மற்றொருவர் கரோலைன் ஹென்டர்சன். கல்லூரிப் பட்டம் பெற்ற ஆசிரியையான இவர் 1907 இல் ஒக்லகோமாவின் மேற்கு மூலையில் தன்னந்தனியாக, தம் பெயரில் நிலம் கோரிக் குடியேறினார். அவர் நிலத்திற் கிணறு தோண்ட வந்தவருள் ஒருவரையே அடுத்த ஆண்டு மணந்தார். அக்கணவருடன் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேல் அதே நிலத்தில் வாழ்ந்து, அவ்வாழ்வைப் பத்திரிகைகளில் எழுதினார். 1930 களின் புழுதிக் காலத்தை அறிய விரும்புவோர்க்கு அவர் கடிதங்கள் இன்றியமையாதன.

*

அப்புழுதிக் காலம் இயற்கையின் சீற்றம் மட்டுமன்று. முதலாம் உலகப் போரின்போது கோதுமை விலை ஏறியது. புதிய உழவு இயந்திரங்கள் வந்தன. உழக்கூடாத புல்வெளிகளெல்லாம் உழப்பட்டன. 1929 க்குப் பின் விலை வீழ்ந்தது. 1931 முதல் மழை பொய்த்தது. வேரற்ற மண்ணைக் காற்று வாரிக்கொண்டு சென்றது. 1935 ஏப்ரில் 14 ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை எழுந்த புழுதிப் புயல் நண்பகலை நள்ளிரவாக்கியது. அரை நூற்றாண்டாக நீரிறைத்துத் தந்த அதே காற்று இப்போது நிலத்தையே பெயர்த்துச் சென்றது. காற்று மாறவில்லை, நிலத்தை இலாபத்துக்காகக் கசக்கிப் பிழிந்த முறையே அதனைப் பகையாக்கியது. பவலின் எச்சரிக்கை ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் மெய்யாயிற்று.

இப்பஞ்ச காலத்திலும் தீன் மூட்டைகள் வந்த துணியை வெட்டிப் பெண்கள் உடை தைத்தனர். அதனையறிந்த தீன் கொம்பனிகள் பூப்போட்ட துணியில் மூட்டை கட்டத் தொடங்கின. வறுமையும் வியாபாரமும் ஒரே துணியிற் சந்தித்தன.

காற்றாலை இக்காலத்திலேயே மற்றொரு வடிவத்தையும் பெற்றது. மொன்டானா மாநிலத்தின் தொலைதூரப் பண்ணையொன்றில் வளர்ந்த மார்செலஸ் ஜேக்கப்ஸ், ஜோ ஜேக்கப்ஸ் என்னும் சகோதரர், நீரிறைக்கும் ஆலையைக் கொண்டு மின்சாரம் பெற முயன்றனர். அச்சக்கரம் மெதுவாகச் சுழல்வதால் அது பயன்படாது எனக் கண்டு, விமானத்தின் உந்துவிசிறியைப் போன்ற மூன்று இதழ் ஆலையை அமைத்தனர். 1920 களின் பிற்பகுதியிலிருந்து அவர்களின் ஆலைகள் பண்ணை வீடுகளுக்கு 32 வோல்ற் மின்சாரம் வழங்கின. 1933 இல் அட்மிரல் பேர்ட்டின் தென்துருவப் பயணக் குழுவினரும் அவற்றுள் ஒன்றைக் கொண்டு சென்றனர். 1935 முதல் வானொலிப் பெட்டி வாங்கியோருக்கு 'வின்சார்ஜர்' என்னும் சிறிய ஆலை மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. தனித்துக் கிடந்த வீட்டினுள் உலகத்தின் செய்தி காற்றின் வலிமையாற் புகுந்தது.

எனினும் இவ்வாலைகளையும் மின்கல அடுக்குகளையும் வாங்க வல்லோர் சிலரே. 1930 களின் நடுப்பகுதியில் நகர வீடுகளிற் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் இருந்தது. பண்ணைகளிற் பத்தில் ஒன்றுக்கே இருந்தது. தனியார் மின்கொம்பனிகள் கிராமத்துக்குக் கம்பி இழுக்க மறுத்தன. மைலுக்கு இரண்டு மூன்று வீடுகள் உள்ள இடத்தில் இலாபம் இல்லை என்பது அவர்கள் வாதம்.

1935 மே மாதத்தில் சனாதிபதி ரூஸ்வெல்ற் கிராம மின்மயமாக்கல் நிர்வாகத்தை அமைத்தார். அடுத்த ஆண்டு அது சட்டமாயிற்று. கொம்பனிகள் ஒதுங்கி நின்றமையால், உழவர் தாமே கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து, அரசாங்கத்திடம் குறைந்த வட்டிக்குக் கடன் பெற்றுக் கம்பி இழுத்தனர். ஐந்து டொலர் கொடுத்தவர் அங்கத்தவர். அங்கத்தவர்க்கு ஒரு வாக்கு. மேலே நாம் கண்ட டெக்சாஸ் மலைநாட்டுக்கு மின்சாரம் வந்தது 1939 இல், இத்தகைய சங்கமொன்றின் மூலமாகவே. அன்று கிணற்றடியில் வாளி தூக்கிய பெண்ணின் தோள் சுமை இறங்கியது. 1950 களின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலான பண்ணைகளுக்கு விளக்கு வந்துவிட்டது. ஜேக்கப்ஸ் சகோதரரின் தொழிற்சாலையும் அத்தசாப்தத்தில் மூடப்பட்டது.

*

கோழிக்கூட்டின் கதை வேறுவிதமாய் முடிந்தது.

1918 முதல் ஒருநாட் குஞ்சுகளைத் தபாலில் அனுப்ப அஞ்சற் பகுதி இணங்கியது. அடைக்கோழியின் இடத்தைப் பொறிப்பகம் பிடிக்கலாயிற்று. 1923 இல் டெலவெயர் மாநிலத்தின் ஓஷன் வியூ என்னும் ஊரில் சிசீல் ஸ்ரீல் என்னும் பெண்மணி 50 குஞ்சுகளுக்குச் சொல்லியனுப்பினார். தவறுதலாக 500 வந்து சேர்ந்தன. அவற்றைத் திருப்பியனுப்பாது வளர்த்து, இறைச்சிக்காக இறாத்தல் 62 சதத்துக்கு விற்றார். முட்டைக்காகவே கோழி என்றிருந்த காலத்தில் இது புதுமை. 1926 இல் பதினாயிரம் கோழிகளை அடைக்கும் கொட்டகை அவருக்கிருந்தது. கரையோரக் காவற்படையில் வேலை பார்த்த கணவரும் அவ்வேலையை விட்டு இத்தொழிலில் இறங்கினார். பெண்ணின் சில்லறை வேலையாயிருந்தது இலாபம் கண்டவுடன் தொழிலாயிற்று; தொழிலானவுடன் அது ஆணின் கைக்கும், விரைவிற் கொம்பனியின் கைக்கும் சென்றது.

ஜோர்ஜியா மாநிலத்தில் தீன் வியாபாரியான ஜெசி ஜுவெல், 1930 களின் பொருளாதார நெருக்கடியின்போது கையிற் காசில்லாத உழவர்க்குக் குஞ்சுகளையும் தீனையும் கடனாகக் கொடுத்து, வளர்ந்த கோழிகளைத் தாமே திரும்பப் பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பொறிப்பகம், தீன் ஆலை, கோழி வெட்டும் தொழிற்சாலை ஆகியன ஒரே கொம்பனியின் கீழ் ஒன்றிணைந்தன. இன்று அந்நாட்டின் இறைச்சிக் கோழிகளிற் பெரும்பகுதி இவ்வாறான ஒப்பந்தத்தின் கீழேயே வளர்கின்றது. குஞ்சு கொம்பனிக்குச் சொந்தம். தீனும் மருந்தும் கொம்பனிக்குச் சொந்தம். கொட்டகையும் அதற்குப் பட்ட கடனும், குவியும் எருவும், இறந்த கோழிகளை அகற்றும் பொறுப்பும் உழவனுக்குச் சொந்தம். ஒரே கொம்பனிக்கு வளர்ப்போரைத் தம்முள் ஒப்பிட்டு, முந்தியவர்க்குக் கூட்டியும் பிந்தியவர்க்குக் குறைத்தும் கூலி வழங்கும் முறையும் பரவலாக உண்டு. அயலான் தோற்றாலன்றித் தான் வெல்ல முடியாத நிலைக்கு உழவன் தள்ளப்பட்டான். தன் நிலத்தில் நின்றுகொண்டே அவன் கூலியாளானான்.

இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். காற்றாலையும் கோழிக்கூடும் ஒரே முற்றத்தில் நின்றன. ஒரே தலைமுறையில் மறைந்தன. பழைய வாழ்வு மறைந்ததையிட்டு நாம் கண்ணீர் சிந்த வேண்டியதில்லை. ஆயிரத்தெழுநூறு மைல் நீர் சுமந்த பெண்ணிடம் அவ்வாழ்வின் இனிமையைப் பாட யாருக்கும் உரிமையில்லை. தன்னிறைவு என்று வெளியார் போற்றியது உள்ளே ஒருத்தியின் ஓயாத உழைப்பாயிருந்தது. மாற்றம் வேண்டியதே. அம்மாற்றத்தை யார் நடத்தினர் என்பதே கேள்வி. நீரையும் விளக்கையும் பொறுத்தவரை, உழவர் ஒன்றுகூடித் தமக்கெனச் சங்கம் அமைத்து, அரசின் துணையைக் கேட்டுப் பெற்றனர். அக்கம்பிகள் இன்றும் அவர்தம் சங்கங்களுக்கே சொந்தம். அந்நாட்டு நிலப்பரப்பிற் பாதிக்கு மேற்பட்ட பகுதிக்கு இத்தகைய கூட்டுறவுகளே மின்சாரம் வழங்குகின்றன. கோழியைப் பொறுத்தவரை, ஒவ்வொருவரும் தனித்து நின்று கடன்காரரிடம் சென்றனர். ஆகவே முன்னையதில் அங்கத்தவராயினர், பின்னையதில் அடிமைப்பட்டனர். இவ்வரலாற்றில் கூட்டுறவிலும் குறையுண்டு. சங்கக் கூட்டங்களிற் பேசியோரும் பதவி வகித்தோரும் பெரும்பாலும் ஆண்களே; பழங்குடியினரின் ஒதுக்கிடங்கள் பலவற்றுக்கு விளக்கு மிகப் பிந்தியே சென்றது. ஆயினும் திசை தெளிவானது.

அச்சமவெளியில் இன்று மீண்டும் காற்றாலைகள் நிற்கின்றன. நூற்றுக்கணக்கான அடி உயரமுள்ள இவற்றால், அயோவா மாநிலம் தான் உற்பத்தி செய்யும் மின்சாரத்திற் பாதிக்கு மேற்பட்டதைக் காற்றிலிருந்தே பெறுகின்றது. இவற்றுட் பல பெருங் கொம்பனிகளின் உடைமை. நிலத்துக்காரர்க்கு ஆண்டுக் குத்தகை கிடைக்கிறது. எட்டடிச் சக்கரங்களும் முற்றாக மறைந்துவிடவில்லை; மின்கம்பி எட்டாத மேய்ச்சல் நிலங்களில் அவை இன்றும் மாட்டுக்கு நீரிறைத்துக் கொண்டிருக்கின்றன.

காற்று எவருக்கும் உறுதி எழுதிக் கொடுப்பதில்லை. அதனைப் பிடித்து வேலை வாங்கும் சக்கரத்துக்கே உடைமையாளர் உண்டு. அவ்வுடைமை யாரிடம் இருத்தல் வேண்டும் என்பதை, நெபிராஸ்காவின் பழம் பலகையில் ஆலை செய்த உழவரும், முட்டைக் காசிற் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கிய தாய்மாரும், ஐந்து டொலர் கொடுத்துச் சங்கத்திற் சேர்ந்த அயலவரும் தத்தம் வாழ்வினால் உணர்த்தியுள்ளனர். அவர்களுடைய பெயர்கள் வரலாற்று நூல்களில் இடம்பெறாதிருக்கலாம். அவ்வரலாற்றை இயக்கியவர்கள் அவர்களே.